கொம்புள்ள பெண்ணுக்கு ஒரு ஞானத்தகப்பன்

ரூட் கேனல் செய்துகொள்ளப் போன இடத்தில்தான் அந்தப் பகடையை முதலில் பார்த்தேன். அடையாற்றில் ஒரு சின்னப் பல் மருத்துவமனை. ஊசி போட்டுவிட்டு, வாய் மரத்துப்போகட்டும் என்று என்னை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். டாக்டரின் மேசையில், பல் பொம்மைக்குப் பக்கத்தில் பச்சைக் கண்ணாடிக் கல் போல ஒன்று கிடந்தது. முகத்துக்கு ஒரு எண். எனக்குத் தாயக்கட்டை தெரியும், பரமபதத்துப் பகடை தெரியும். இதற்கோ இருபது முகங்கள். நான் கணக்கு டீச்சர். இருபது முகமுள்ள ஒன்றைக் கண்டபிறகு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க முடியுமா?

“இஹு என்ஹ டாக்டர்?” என்றேன், மரத்த வாயோடு.

“வாயத் திறங்கோன்னா கேள்வி கேக்கத் திறக்கறேளே” என்று சிரித்தார். என் பல்லைக் குடைந்துகொண்டே விளக்கமும் சொன்னார். ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு மனிதராக இருக்கவேண்டும். “ஒரு கதவு இருக்குன்னு நான் சொல்லுவேன். திறக்கறேளா, ஓடறேளான்னு நீங்கதான் சொல்லணும். பூட்டியிருந்தா, திறக்க முடியறதான்னு இந்தப் பகடை சொல்லும். அவ்வளவுதான்.”

திருப்பிக் கேட்க என்னிடம் பத்துக் கேள்விகள் இருந்தன. வாயில் பஞ்சு இருந்தது. அதனால் அடுத்த ஞாயிறு மதியம், சாந்தோமில் பூசை முடிந்து, அம்மாவோடு சாப்பிட்டுவிட்டு, அடையாற்றுக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் வீட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். டாக்டர், மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவர் மனைவி, ராயப்பேட்டைக்காரி, படம் வரைவதுதான் அவள் தொழில். காதல் கல்யாணம். அவர் ‘ஆத்துல’ என்பார், அவள் ‘இன்னா’ என்பாள். மூன்றாவது ஆள் எங்கள் எல்லோரையும்விட இளையவன். தி.நகரில் அவன் அப்பாவும் பெரியப்பாவும் நடத்தும் ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை தி.நகர்க் கடையிலிருந்து ஒருவன் வெளியே வருவது லேசான காரியமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவான். ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் தலைகாட்டவே மாட்டான்.

என் முன்னால் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, “யாரா இருக்கப் போறேள்?” என்றார் டாக்டர். மலைக் குள்ளர்கள், காட்டுவாசிகள், சாதாரண மனிதர்கள் என்று படம் படமாகப் போனது. கடைசிப் பக்கங்களில் ஒரு பெண். ஆட்டுக் கொம்பு போலப் பின்னால் வளைந்த இரண்டு கொம்புகள், வாடிய செம்பருத்தி நிறத்தில் தோல், நீண்ட வால். எப்போதோ ஒரு மூதாதை நரகத்திலிருந்து வந்த ஒருவனோடு உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறாள். பல தலைமுறை கழித்து, ஒன்றும் அறியாத ஒரு குழந்தை கொம்போடு பிறக்கிறது. விஷயம் அவ்வளவுதான். நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

சிறுமியாக இருந்தபோது ஞாயிறு உபதேச வகுப்பில் ஒருமுறை எழுந்து, “பசாசுக்குப் பிள்ளைங்க உண்டா?” என்று கேட்டிருக்கிறேன். வகுப்பு நடத்தியது என் அம்மாவேதான். எல்லோரும் சிரித்தார்கள். “உக்காரு” என்றாள். வீட்டுக்கு வந்ததும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியாமல் விட்டுப்போன கேள்விகளில் அதுவும் ஒன்று.

“இவதான்” என்றேன்.

உடனே ஒரு விவாதம் கிளம்பியது, இவளைத் தமிழில் என்ன சொல்வது என்று. “அசுர ரத்தம்னு வெச்சுக்கலாம்” என்றார் டாக்டர். “அசுரான்னா எல்லாரும் கெட்டவா இல்லையே. பங்குனித் திருவிழால பூத வாகனம் வரது பார்த்திருக்கேளா? பல்லும் முழியுமா ஒரு பூதம். அதுதான் சுவாமியத் தூக்கிண்டு வரும்.”

கடைக்காரத் தம்பி, “எங்க கடை வாசல்ல திருஷ்டிக்குத் தொங்குதே, கொம்பும் நாக்குமா, அது மாதிரியா?” என்றான். அவன் சொன்ன முகம் கடையைக் காவல் காக்கிற முகம். எனக்கு இரண்டுமே புதிதாக இருந்தன. எங்கள் வீட்டில் பசாசு என்பது தூக்கிவருவதுமில்லை, காப்பதுமில்லை. படுக்குமுன் சொல்லும் ராச் செபத்தில் விரட்டப்படுவது மட்டும்தான் அதன் வேலை. “பசாசுன்னே இருக்கட்டும்” என்றேன். பிசாசு தெரியும், இந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை என்று மூவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள்.

என் கொம்புப் பெண்ணுக்கு ஒரு வேலை வேண்டும் என்றார்கள். பூட்டுத் திறப்பவள் என்று வைத்துக்கொண்டேன். திருடுவதற்காக அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக. உடன்படிக்கை செய்த அந்த மூதாதை யார், ஏன் செய்தாள் என்பதை மட்டும் டாக்டர் காலியாக விடச் சொன்னார். “அத நாம விளையாடிக் கண்டுபிடிப்போம்.”

முதல் நாளே ஒரு கிராமம் வந்தது. வாசல் காவல்காரனாக டாக்டர் குரலை மாற்றிக்கொண்டார். “முக்காட்ட எடும்மா.” எடுத்தேன். கதவுகள் சாத்தப்படும் சத்தம், ஒரு தாய் குழந்தையைப் பின்னுக்கு இழுப்பது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். எனக்குத் தாகம் என்றேன். “ஒரு வயசானவ தண்ணி கொண்டு வரா. சொம்ப உங்ககிட்ட குடுக்கல. கையக் குவிச்சுக்கச் சொல்லி மேலேர்ந்து ஊத்தறா” என்றவர், அதோடு நிறுத்திவிட்டார்.



“இன்னா, இது நீ புதுசா யோசிச்சதா?” என்று கேட்டாள் அவர் மனைவி, மெதுவாக.

“இல்ல” என்றார் டாக்டர். “எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியல. வாயில வந்துடுத்து.”

அவர் அந்தக் காட்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. என் பெண் கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தாள். அதற்குமுன் இந்த விளையாட்டை ஏதோ ராஜா ராணிக் கதை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பயணத்தில் டாக்டரின் மனைவி வில்லாளி. கடைக்காரத் தம்பி சூரியக் கடவுளுக்குச் சத்தியம் செய்துகொடுத்த வீரன். பசாசு ரத்தத்தோடு பந்தி பகிரக்கூடாது என்பது அந்தச் சத்தியத்தில் ஒரு பகுதி. அவன் அதை ஒரு வாரம்கூடத் தளர்த்தவில்லை. என் பெண் கூடாரத்துக்குள் வந்தால் வீரன் வாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படுத்துக்கொள்வான். “அவ தொட்ட ரொட்டி எனக்கு வேண்டாம்” என்பான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அடுத்த நிமிடம் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவை என் பக்கம் தள்ளி, “எடுத்துக்கோங்கக்கா, அம்மா சுட்டது” என்பான்.

விளையாட்டு முடிந்ததும் அவன் ஸ்கூட்டரில் என்னைச் சாந்தோம் வரை கொண்டுவந்து விடுவான். ஒரு நாள் வழியில் ஒரு சிக்னலில் நிற்கும்போது, “தப்பா நெனைக்காதீங்கக்கா. அவன் அப்படிப்பட்டவன். நான் என்ன செய்ய?” என்றான்.

“சேச்சே” என்றேன். ஆனால் வலித்தது. அந்த வலிதான் எனக்கு ஆச்சரியம். கொம்பை நானேதான் வைத்துக்கொண்டேன். வேறு எத்தனையோ வம்சம் இருந்தது. அவனும் விதிப்படிதான் நடந்துகொள்கிறான். பிறகு எதற்கு வலிக்கவேண்டும்? சரியான விடை வந்தும் கணக்கு தப்பாகத் தெரிவதுபோல இருந்தது. வகுப்பில் பின் பெஞ்சில் தனியாக உட்காரும் ஒரு பெண்ணைப் பார்த்தால், அவள் தானாகப் போய் உட்கார்ந்தாளா, மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்களா என்று பார்க்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் உட்காரும்போது, வால் இருந்தால் அதை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யோசித்திருக்கிறேன்.

டாக்டரின் மனைவி என் பெண்ணை வண்ணத்தில் வரைந்து கொடுத்தாள். கொம்பில் ஒரு துண்டு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். “பூவ வேற எங்க வெக்கறது, சொல்லு?” என்றாள். அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

அப்பா போனபிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். அவள் ரிடையர் ஆன டீச்சர். ஃபிரிட்ஜுக்கு எதிர்ச் சுவரில் சேசுவின் திரு இருதயப் படம் இருக்கிறது. அம்மா தயிர் எடுக்க வந்தவள், படத்தைப் பார்த்தாள், திரும்பிச் சுவரைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“யாருடி இது?”

சொன்னேன். கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா பசாசு என்பது வரை.

அவள் தயிர்க் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே நின்றாள். “இந்தப் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு டாக்டர் வீட்டில் குளியலறைத் தரையை உடைத்துப் போட்டிருந்தார்கள். ஒரே இரைச்சல். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அம்மா பஜ்ஜி போட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போவாள் என்று பார்த்தால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கதை அப்போது ஒரு முக்கியமான இடத்தில் நின்றுகொண்டிருந்தது. உடன்படிக்கை செய்த அந்தப் பசாசு இருக்கும் இடத்துக்குப் போகும் வழியை நாங்கள் கண்டுபிடித்திருந்தோம். வழியில் ஒரு மலைக்கோயில். அங்கே ஒரு புனித ஊற்று. அந்தத் தண்ணீர் தலையில் விழாமல் யாரும் மேலே போக முடியாது. என் பெண்ணின் தலையில் விழுந்தால் அது சுடும், சாகவும் கூடும். கோயிலில் ஒரு கிழட்டுப் பூசாரி இருக்கிறார் என்பது வரை போன வாரம் சொல்லி நிறுத்தியிருந்தார் டாக்டர்.

“பூசாரி என்ன சொல்றார்னா...” என்று, அம்மாவுக்காக முன்கதையைச் சொல்லிவிட்டு டாக்டர் தொடங்கினார்.

“டாக்டர் தம்பி, ஒரு நிமிஷம்” என்றாள் அம்மா. “அந்தப் பூசாரி ஞானஸ்நானம் குடுக்கிறவர்தானே? அவர் முதல்ல கேள்வி கேக்கணும். சும்மா தண்ணி ஊத்தக் கூடாது.”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஆன்ட்டி, நீங்களே பூசாரியா இருந்துடுங்கோளேன்.”

“நானா?”

“இருங்க ஆன்ட்டி, ஜாலியா கீது” என்றாள் அவர் மனைவி.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருடம் உபதேசம் சொல்லிக்கொடுத்த குரல் தானாக வந்துவிட்டது. என்னைப் பார்த்து, “நீ திருச்சபையிடம் என்ன கேக்கிற?” என்றாள். இந்த உலகத்தில் திருச்சபை கிடையாது என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

“மேல போகணும் சாமி. தண்ணி வேணும்.”

“பசாசை விட்டுவிடுகிறாயா?”

அந்தக் கேள்வியை நான் ஒவ்வொரு ஈஸ்டர் இரவுப் பூசையிலும், கையில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். சொக்கும் கண்ணோடு, எல்லோரோடும் சேர்ந்து ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லியிருக்கிறேன். கேள்வி காதில் விழுந்தது அன்றுதான்.

“அவர் என் தாத்தா, சாமி” என்றேன்.

டாக்டர் களுக்கென்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதனால் அவரும் நிறுத்திவிட்டார்.

“நான் அவரப் பாத்ததே இல்ல. பாக்காத ஒருத்தர எப்படி விடறது?”

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். இது அவள் யோசிக்கும்போது செய்வது. ஏடாகூடமாகப் பேசுகிறேன் என்று அதட்டப் போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள், “அவரு செஞ்ச வேலையெல்லாம் நீயும் செய்வியா?” என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்பதுபோல இருந்தது.

என் பெண் இதுவரை செய்தவற்றையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். திறந்த பூட்டுகள், ஒருமுறை கோபத்தில் ஒரு வைக்கோல் போருக்கு வைத்த தீ. “தெரியல சாமி” என்றேன். “செய்ய மாட்டேன்னு சொல்லணும்னு ஆசை. ஆனா தெரியல.”

“தெரியலன்னு சொன்னா தப்பில்ல” என்றாள் அம்மா. “அதுக்குத்தான் ஞானத்தகப்பன்னு ஒருத்தர் கூட நிக்கிறது. யாரு நிக்கிறா இவளுக்கு?”

மேசையில் மற்ற மூவருக்கும் புரியவில்லை. அம்மா மூன்று பேரையும் பார்த்து விளக்கினாள். ஞானஸ்நானம் வாங்குகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் போதாது. கூட ஒருவர் நிற்கவேண்டும். இந்தப் பிள்ளை வழி தவறினால் நான் போய்க் கூட்டிவருவேன் என்று சொல்கிறவர். சொந்தமாக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொந்தம்தான்.

வில்லாளி வாயைத் திறப்பதற்குள் கடைக்காரத் தம்பி கேட்டான். “ஆன்ட்டி, அப்படி நிக்கிறவரு இவளோட ஒரே பந்தியில சாப்பிடலாமா?”

“சாப்பிடாம எப்படிப்பா? மகளாச்சே.”

அவன் கொஞ்ச நேரம் தன் முன்னால் இருந்த பகடையைத் திருப்பித் திருப்பி வைத்தான். வீரனின் சத்தியம் உடைந்தால் அவன் பலமெல்லாம் போய்விடும் என்பது விதி. அதற்காக அவன் மாதக்கணக்கில் எவ்வளவு கவனமாக ஆடியிருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். “எங்க குலசாமிக்கே சுருட்டும் அருவாளும்தான்” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். “நான் போயி கொம்பப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன்.” பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, என் பின்னால் வந்து நின்றான். “அவன் நிக்கான்.” ஒரு நொடி விட்டு, “நானும் நிக்கேன்” என்றான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

அம்மா பெயர் கேட்டாள். பெயர் வைக்காமல் தண்ணீர் ஊற்றக்கூடாதாம். விளையாட்டில் நான் வைத்திருந்த பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. பெண் புனிதர்கள் மூன்று பேரின் பெயரைச் சொல்லிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இங்க ஒரு பகடை போடணும் ஆன்ட்டி” என்று டாக்டர் பச்சைப் பகடையை நகர்த்தினார். “தண்ணி சுடறதா இல்லையான்னு.”

அம்மா அதைத் தொடவே இல்லை. “ஞானஸ்நானத்துக்குப் பகடையா? தண்ணி ஊத்தி வார்த்தை சொன்னா முடிஞ்சது தம்பி. அதுல சந்தேகமே கிடையாது.”

“விதிப்படி...”

“எது விதி? இதுதான் விதி.”

டாக்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அம்மா என் உச்சந்தலையில், கொம்புகள் இருக்கவேண்டிய இடத்துக்கு நடுவில், மூன்று தரம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் காதோரம் வழிந்து பஜ்ஜித் தட்டில் சொட்டியது. ஒன்றும் சுடவில்லை.

வீரனுக்குச் சத்தியம் உடைந்தது. டாக்டர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அவனுடைய வாள் ஒளி இழந்தது. பிறகு வந்த வாரங்களில் அவன் சாதாரண ஆளாகச் சண்டை போட்டு நிறைய அடி வாங்கினான். அவனுக்கு வருத்தமா என்று ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். “மகளுக்காகத்தானேக்கா” என்றான், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. சிரித்தானா என்று தெரியவில்லை.

அம்மா அதற்குப் பிறகு மேசையில் உட்காரவில்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் விசாரிப்பாள், மேல் வீட்டுப் பெண்ணை விசாரிப்பதுபோல. “கொம்பு விழுந்துடுச்சா?” என்று ஒரு நாள் கேட்டாள். இல்லை, அது இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன்.

“இருக்கட்டும். உனக்கு உங்கப்பா மூக்கு இல்லையா?” என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் என் பெண் அந்தத் தாத்தாவின் முன்னால் போய் நின்றாள். டாக்டர் பசாசுக்கு எந்தக் குரல் கொடுக்கப் போகிறார் என்று நாங்கள் பந்தயம் கட்டியிருந்தோம். கர்ஜனை ஒன்றுமில்லை. களைத்துப்போன, மரியாதை தெரிந்த ஒரு பெரியவரின் குரல். “வா, உக்காரு. சண்டை போடத்தான் வந்தியா?”

வில்லாளி நாணை இழுத்துப் பிடித்திருந்தாள். வீரன் ஒளியில்லாத வாளோடு எனக்கு அரையடி முன்னால் நின்றான். எனக்குச் சண்டையில் ஆர்வமில்லை. “எங்க வம்சத்துல உங்ககிட்ட வந்தது யாரு? அவங்க எதுக்காக வந்தாங்க?” என்று கேட்டேன்.

“பொன்னு கேக்கல, ராஜ்யம் கேக்கல” என்றார் டாக்டர், அந்தக் குரலிலேயே. “வானத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேட்டா. யாரும் அவளுக்குப் பதில் சொல்லலயாம். நான் சொன்னேன். அதுக்கு இதுதான் விலை.”

மேசையில் மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இதை எப்போதோ யோசித்து வைத்துக்கொண்டு டாக்டர் காத்திருந்திருக்கிறார் என்று புரிந்தது.

“இன்னா டீச்சர், கம்முனு கீற?” என்றாள் அவர் மனைவி. “அம்ப வுடவா, வேணாவா?”

“இரு, இரு. இன்னும் ஒண்ணு கேக்கணும்.” நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். “நீங்க பதில் சொன்னப்போ அவங்களுக்குச் சந்தோஷமா இருந்துதா?”

டாக்டர் கையிலிருந்த குறிப்புக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பசாசின் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில், “அது நான் யோசிக்கலையே டீச்சர்” என்றார். “உங்களுக்கு என்ன தோண்றது?”